தாத்தாவின் அம்பாசிடர்: துடைப்பதா, உரிப்பதா?

ஜனவரி 12, 2025

மன்னார்குடிப் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் வார்த்தையிலேயே போடுகிறேன்:

“தாத்தா வாங்கிய 1968 அம்பாசிடர், மார்க் 2. பதினெட்டு வருஷமாக நெல் மூட்டை அடுக்கும் கொட்டகையில் கிடக்கிறது. மேலே வெள்ளை, உரிந்த இடத்தில் நீலம். சீட்டு கிழிந்து நார் வெளியே வந்துவிட்டது. முழுக்கப் பிரித்து, மணல் அடித்து, கறுப்பு மெட்டாலிக் பெயிண்ட் போட்டு, ஏசியும் வைக்கலாம் என்று இருக்கிறேன். பெரியப்பா மகன் தொடவே கூடாது என்கிறான். ஒரிஜினல் ஒரிஜினல் என்று பேசுகிறவர்கள் எல்லாம் செலவுக்குப் பயந்தவர்கள் என்பது என் கருத்து. கிழிந்த வேட்டியோடு தாத்தாவைச் சபையில் உட்கார வைப்போமா?”

ஜனவரி 12, இரவு

வேட்டியை மாற்றுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் நீங்கள் செய்யப்போவது வேட்டி மாற்றுவது இல்லை. தாத்தாவின் மீசையை மழித்து, தலைக்குச் சாயம் பூசி, கோட்டு மாட்டி, இவர்தான் எங்கள் தாத்தா என்று ஊருக்குக் காட்டுவது.

மற்றதைப் பிறகு பேசலாம். மணல் மட்டும் அடிக்காதீர்கள், அதாவது காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிப் பெயிண்டை உரிக்காதீர்கள். கதவும் பானட்டும் மெல்லிய தகடு, வேகமாக அடித்தால் நெளியும், நெளிந்ததைத் தகடு வேலை செய்யும் டிங்கர் பட்டி போட்டுத்தான், பள்ளத்தை நிரப்பும் பசையைப் பூசித்தான், மறைப்பார். அதைவிட மோசம், மணல் புகுந்து தங்கும் இடங்கள்: கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி, தூண்களின் உட்பக்கம். அங்கே போன மணல் வெளியே வராது, ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கோயில் தூணில் மணல் அடித்து, சிற்பத்தின் மூக்கும் கல்வெட்டின் எழுத்தும் மழுங்கிப்போன கதை நம் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை. கல்லுக்கே அந்தக் கதி.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். பெயிண்ட் கொம்புக்கு மட்டும்தான், மாட்டுக்கு இல்லை. மன்னார்குடிக்காரர் இதையும் கவனிக்க வேண்டும்.

ஜனவரி 19

“நீங்கள் என்ன பெரிய யோக்கியமா, உங்கள் பியட் பளபளவென்று நிற்கிறதே” என்று கும்பகோணத்து நண்பர் ஒருவர் போனில் கேட்டார். நியாயம்தான். சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் வண்டி 1966 பியட் 1100. அப்பாவுக்கு வெற்றிலை இல்லாமல் வண்டி ஓடாது. ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கையில் சுண்ணாம்பு. தடவி முடித்த விரலில் மிச்சம் இருப்பதைக் கதவுத் தூணின் உட்பக்கம் தேய்ப்பார். முப்பது வருஷச் சுண்ணாம்பு, அடை அடையாக, நடுவில் விரல் போன தடத்தோடு. ஏதாவது கல்யாணத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் அதைத் துடைக்கச் சொல்லி அம்மா திட்டுவார்.

அப்பா போன பிறகு 2009இல் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். பட்டறை பெயர் வேண்டாம், தப்பு பாதி என்னுடையது. ‘எல்லாம் புதுசா பண்ணிடுங்க’ என்று சொன்னவன் நான்தான். எட்டு மாதம் கழித்து வண்டி வந்தது. கல்யாண மண்டப வாசல் மாதிரி ஒரு சிவப்பு. சீட்டு புதுசு, மேல் துணி புதுசு, ஸ்டியரிங்கில் அப்பாவின் கை தேய்த்து வழவழப்பாக்கிய இடத்தின் மேல் ரெக்சின் உறை. அம்மா ஏறி உட்கார்ந்தார். தூணைப் பார்த்தார். “தொடச்சுட்டீங்களா?” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது ஐப்பசியில் கதவுக்கடியில் பெயிண்ட் கொப்புளம் விட்டது. குத்திப் பார்த்தால் அரை அங்குலப் பட்டி, அதற்கு அடியில் துருவை எடுக்காமலே மூடியிருக்கிறார்கள். ஆக, வைத்திருக்க வேண்டிய சுண்ணாம்பு போய்விட்டது, போக வேண்டிய துரு இருந்துவிட்டது. இதற்கு மேல் எனக்குக் கொள்கை என்று எதுவும் கிடையாது.

ஜனவரி 26

சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2021 ஜூலையில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு. புதிதாகப் பதிபவர்களுக்கு நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவில் இருக்கிற வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், அதாவது தாத்தாவின் மூன்றெழுத்து நம்பர் தப்பிக்கும். ஆனால் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது, கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு மாதிரி வேலைகளுக்குத்தான்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. அசல் வடிவிலேயே பராமரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது விதி. செலவுக்குப் பயந்தவர்கள் எழுதிய விதி போலிருக்கிறது.

ஜனவரி 27

மன்னார்குடிக்காரர் பதில் அனுப்பியிருக்கிறார். ஒரே வரி: “இன்ஜின் டீசல்ங்க. சித்தப்பா மாத்துனது.”

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 2

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கூத்தாநல்லூரிலிருந்து டிங்கர் பாயையும் கூட்டிக்கொண்டு போனேன். எழுபது வயது, பட்டி போடுவதென்றால் பல் தேய்க்காமல் சாப்பிடச் சொன்ன மாதிரி முகம் சுளிப்பார்.

வெளியே பார்க்கத்தான் மோசம். பானட், மட்கார்டு, கூரை எல்லாம் தகடு நல்ல தகடு, தட்டினால் மணி மாதிரி கேட்கிறது. மோசமானது கண்ணில் படாத இடம். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியில் பாய் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினார், அது பிஸ்கட்டில் போவது போல் உள்ளே போனது. என்னிடம் இருக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் கவலை குறைவு, அதற்கு அடியில் தனியாக ஓர் இரும்புச் சட்டகம் உண்டு, பாடி அதன் மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். அம்பாசிடர் அப்படி இல்லை. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த வண்டி, பாடிதான் அதன் எலும்பு. அந்தப் பெட்டி போனால் கதவு சாத்தாது, ஜாக்கி வைத்தால் வண்டி எழும்பாது, ஜாக்கி உள்ளே ஏறும். அதை வெட்டிப் புதுத் தகடு வைத்தே ஆக வேண்டும். தொடவே கூடாது என்று சொன்ன பெரியப்பா மகனிடம் பாய் அந்த ஸ்குரூடிரைவரைக் கையில் கொடுத்து நீங்களே குத்திப் பாருங்க தம்பி என்றார். குத்தினான். அப்புறம் பேசவில்லை.

இன்னொன்று. வைக்கோல் போருக்குப் பின்னால் சாக்கு போர்த்தி பழைய பெட்ரோல் இன்ஜின் கிடக்கிறது! 1489 சிசி, அந்தக் காலத்து பிரிட்டிஷ் மோட்டார் கம்பெனியான பிஎம்சியின் பி வரிசை. எலி மூன்று தலைமுறையாகக் குடும்பம் நடத்தியிருக்கிறது. நம்பர் பட்டையைத் துடைத்துப் பார்த்தோம், ஆர்சி புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் அதே நம்பர். சித்தப்பாவுக்கு நூறு கும்பிடு. மாற்றினவர் எடைக்குப் போடாமல் விட்டாரே. டீசலைக் கழற்றிவிட்டு இதையே திரும்பப் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 9

பெயிண்ட்டுக்கு வருகிறேன். டிக்கி மூடியின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் அளவுக்கு வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்த்தேன். வளையம் வளையமாக வந்தது, வெட்டின மரம் மாதிரி. மேலே வெள்ளை, அடுத்தது வானநீலம், அதற்குக் கீழே சாம்பல் கலந்த பச்சை, அப்புறம் பிரைமர், தகடு. பஞ்சில் தின்னர் தொட்டு ஓரத்தில் தேய்த்ததற்கு வெள்ளை கரைந்து பஞ்சில் வந்தது, ஊர் பெயிண்டர் அடித்த, தின்னரில் கரையும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட். இந்த மாதிரி பெயிண்டைப் பொறுமையாக இறக்கலாம், அடியில் இருப்பதைக் காயப்படுத்தாமல். கஷ்டம்தான், ஆனால் முடியும்.

இதைத் தஞ்சாவூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். மேல் பூச்சைத் தட்டி எறியவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. தொல்லியல் துறைக்காரர்கள் பிற்காலத்தில் நாயக்கர் ஓவியத்தைப் பூச்சோடு உரித்தெடுத்து ஃபைபர் பலகையில் ஒட்டி அதையும் காப்பாற்றினார்கள். இரண்டும் இருக்கிறது.

வண்டிப் பெயிண்டை அப்படிப் பலகையில் ஒட்ட முடியாது. அதனால் என் யோசனை: வெள்ளையும் வேண்டாம், நீலமும் வேண்டாம், சாம்பல் பச்சைக்கு இறங்குங்கள். அதுதான் 1968இல் உத்தர்பாரா ஆலையிலிருந்து வந்த நிறம்.

பிப்ரவரி 11

மேலே சொன்ன யோசனையை வாபஸ் வாங்குகிறேன்.

மன்னார்குடிக்காரரின் அத்தை பேசினார். வெள்ளை அடித்தது 1979இல், அவருடைய கல்யாணத்துக்கு. மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளை வண்டிதான் வேண்டும் என்று தாத்தா ஒற்றைக் காலில் நின்றாராம். நீடாமங்கலத்திலிருந்து பெயிண்டர் வந்து கொட்டகையிலேயே தங்கி, பகலில் தூசி பறக்கும் என்று விடியற்காலையில் எழுந்து அடித்தார், நாங்கள் யாரும் முற்றம் பெருக்கக் கூடாது என்று உத்தரவு, அத்தை சொல்லிக்கொண்டே போனார். சாம்பல் பச்சை வண்டியைப் பார்த்தவர் அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. எல்லாருக்கும் அது வெள்ளை வண்டி.

நான் ஒரு ரூபாய் ஓட்டை போட்டுப் பார்த்துவிட்டு எது அசல் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். ஆலை அடித்ததுதான் அசல் என்றால், வண்டி தாத்தாவிடம் இருந்த காலம் எல்லாம் அழுக்கா? பச்சை ஒரே நாளில் ஆலையில் அடித்தது. வெள்ளை நாற்பத்தைந்து வருஷம் இந்த ஊரில் இருந்தது. வெள்ளை இருக்கட்டும். உரிந்த இடத்தில் இன்னும் உரியாமல் ஓரத்தை அடைத்து மெழுகு போடுங்கள். ரப்பிங் காம்பவுண்டு போட்டு விடாப்பிடியாகத் தேய்க்காதீர்கள், ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் பெயிண்ட் துணியோடு போகும், கடைசியில் நீலம்தான் பளபளக்கும்.

பிப்ரவரி 12

‘அப்போ சித்தப்பாவோட டீசல் இன்ஜினும் குடும்ப வரலாறுதானே, அதை மட்டும் ஏன் கழற்றச் சொல்றீங்க?’ என்று மன்னார்குடிக்காரர் கேட்கிறார். நல்ல கேள்வி. யோசிக்கிறேன்.

பிப்ரவரி 16

பதில் கிடைத்தது, திருப்தி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். டீசல் இன்ஜினைக் கழற்றினால் அது அழியாது. திரும்பப் போடலாம், வேறு யாருக்காவது கொடுக்கலாம். வெள்ளையை எடுத்தால் திரும்ப வராது. வெள்ளை டப்பா கடையில் கிடைக்கும், 1979இன் வெள்ளை கிடைக்காது. அதனால் திரும்ப வைக்கக் கூடியதில் மனம்போல் கைவையுங்கள், வைக்க முடியாததைத் தொடும்போது மட்டும் நான்கு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு யோசித்துத் தொடுங்கள். சித்தப்பா கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

பிப்ரவரி 23

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு சண்டை. “கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு பெயிண்ட் தத்துவம் பேசலாம். வேதாரண்யத்தில் வந்து ஒரு வருஷம் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.”

ஒப்புக்கொள்கிறேன். அவர் பக்கம் உப்புக் காற்று. 2018 நவம்பர் 16 கஜா புயலில் அவர் பிரீமியர் பத்மினி மேல் தென்னை விழுந்தது. கூரை நடுவில் பள்ளம். பள்ளத்தை எடுக்காமல் அப்படியே வைத்திருக்கச் சொல்லி யாரோ சொன்னார்களாம், புயலின் சாட்சியாக. ஒரே மழையில் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, கண்ணாடி ரப்பர் வழியாக உள்ளே ஒழுகி, தரைத் தகடு போயிற்று. இப்போது வண்டிக்குள் உட்கார்ந்து கால் வைத்தால் ரோடு தெரிகிறது.

இது வேறு கணக்கு. நெளிந்து நிற்கும் காயத்தை வைத்துக்கொள்ளலாம், தின்றுகொண்டே இருக்கும் காயத்தை வைத்துக்கொள்ள முடியாது. அந்தக் கூரையை அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும். அவர் இப்போது முழுக்கப் பிரித்துச் செய்கிறார், செய்யட்டும், அவரிடம் போய் யாரும் சுண்ணாம்புக் கதை சொல்ல வேண்டாம்.

மார்ச் 9

‘வெளிநாட்டில் இப்படி எல்லாம் அழுக்கு வண்டியை மதிப்பார்களா?’ மதிக்கிறார்கள். அமெரிக்காவில் பழைய கார்களுக்கான பெப்பிள் பீச் அழகுப் போட்டி என்றால், வண்டிகளில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு. 2024 ஆகஸ்டில் அங்கே தலைப்பரிசு வாங்கியது 1934 புகாட்டி டைப் 59, புதுப்பிக்காமல் பாதுகாத்த வண்டிகளின் பிரிவிலிருந்து. அந்தப் பிரிவிலிருந்து ஒரு வண்டி தலைப்பரிசு வாங்கியது அதுவே முதல் தடவை. இதில் வேடிக்கை, அதன் கறுப்பு ஆலை அடித்தது இல்லை. பின்னால் அதை வாங்கிய பெல்ஜிய அரசர் மூன்றாம் லியோபோல்டு அடிக்கச் சொன்னது. அவருக்கு லியோபோல்டு, நமக்கு அத்தை கல்யாணம்.

ஏப்ரல் 14

பங்குனித் தேர் முடிந்து திருவாரூர் ஓய்ந்திருக்கிறது. தேரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த விவகாரம்தான் மண்டையில் ஓடியது. பழைய ஆழித்தேர் 1926இல் எரிந்துபோனது, 1930இல் புதிதாகச் செய்தார்கள். அடியில் இருப்பது திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக். கீழ வீதி முனையில் அவ்வளவு பெரிய தேர் திரும்பும்போது இது அசல் தேரா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் வடம் பிடிப்பவர் அடிப்பார்.

பிரேக் என்றதும் என் ஹெரால்டு கதை. பியட்டில் பட்ட பாட்டுக்குப் பிராயச்சித்தமாக 1970 ஹெரால்டு ஒன்றைக் கைபடாத நிலையில் வாங்கினேன், சென்னையில் தயாரான நான்கு கதவு வண்டி. ஒரு ஸ்குரூவைக்கூட மாற்ற மாட்டேன் என்று சபதம். பிரேக் ஹோஸ் ரப்பர் பழசு என்று மெக்கானிக் இரண்டு முறை சொன்னார், கேட்கவில்லை. அணைக்கரைப் பாலத்துக்கு முன்னால் மிதித்தேன், பெடல் தரையைத் தொட்டது. ஓரத்தில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியல் காப்பாற்றியது. முதல் நாள் மணல் வேண்டாம் என்று எழுதினேன், இந்த மணலுக்கு மட்டும் விதிவிலக்கு.

ஆகவே பிரேக் ரப்பர், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், டயர், ஒயரிங் இவற்றில் எனக்கு எந்தப் பக்தியும் இல்லை. எலி கடித்த ஒயரை வரலாறு என்று விட்டால் வண்டியே வரலாறாகிவிடும்.

ஜூன் 15

மேட்டூர் 12ஆம் தேதி திறந்தாகிவிட்டது. மன்னார்குடிக்காரர் குறுவை நாற்றங்காலில் இருக்கிறார், வண்டி வேலை நின்றுவிட்டது. போனில் பிஸ்டன் பற்றிக் கேட்டால் யூரியா பற்றிப் பதில் வருகிறது.

அவர் வருவதற்குள் பெட்ரோல் பற்றி. பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் கால ரப்பர் குழாய், பெட்ரோல் பம்பின் டயாபிரம், கார்க் பேக்கிங் எதுவும் இதற்காகச் செய்ததில்லை. ஊறி, உப்பி, கடைசியில் கார்புரேட்டரில் கரும்பசையாக வந்து நிற்கும். எத்தனால் தண்ணீரை இழுக்கும், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் தங்கித் துருவாகும். எத்தனால் தாங்கும் குழாய் போடுங்கள், மழைக்காலம் முழுக்க நிற்கப்போகிறது என்றால் டேங்க்கைக் காலி செய்யுங்கள். பழைய வால்வு சீட்டைத் தேயாமல் காத்த, ஈயம் கலந்த பெட்ரோல் 2000இலேயே நின்றுவிட்டதால், இன்ஜின் தலையைத் திறந்தால் கையோடு கெட்டியான வால்வு சீட்டும் போட்டுவிடுங்கள். பார்க்க வித்தியாசம் தெரியாது.

ஆகஸ்ட் 24

குறுவை ஒரு நிலைக்கு வந்திருக்கிறது போலிருக்கிறது, படங்கள் வருகின்றன. இறுகிப்போன பிஸ்டன்களை டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றி ஐந்து வாரம் ஊறவிட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை கையால் சுற்றியதும் சுற்றியது. கும்பகோணம் லேத்தில் சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் குடைந்து ஒரு சைஸ் பெரிய பிஸ்டன். இது அசலா என்று என்னிடம் கேட்காதீர்கள், 1980இல் ஓடியிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். ஆர்சியில் மறுபடி பெட்ரோல் என்று மாற்றும் வேலை தனி, அதைப் பற்றி எழுதினால் ரத்தக் கொதிப்பு வரும்.

கதவுக்கடிப் பெட்டியைப் பாய் வெட்டி வைத்துவிட்டார். ஒரு கரண்டி பட்டிகூட இல்லை. புதுத் தகட்டின் மேல் வெள்ளை அடித்திருக்கிறார்கள், கிட்டே போனால் பழைய வெள்ளையிலிருந்து லேசாக மாறித் தெரியும். ஒன்றாக்கிவிடவா என்று கேட்டாராம். வேண்டாம் என்று பெரியப்பா மகனே சொல்லியிருக்கிறான்.

செப்டம்பர் 21

கைப்பிடி விவகாரம். பின்கதவு இரண்டிலும் கைப்பிடி துத்தநாக வார்ப்பு, அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகுழியாகிவிட்டது, முலாம் போட்டாலும் நிற்காது. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். பழைய கைப்பிடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இது யார் வார்த்தது, ஓட்டை ஓட்டையா இருக்கு’ என்றார். பித்தளையில் வார்த்து, அதன் மேல் குரோமியம். எடை கொஞ்சம் கூடுதல், பிடித்தால் கோயில் கதவு திறக்கிற மாதிரி இருக்கிறது.

பழைய வண்டிச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் டூரின் சாசனம் என்று ஒன்று கொண்டுவந்தது. மாற்றி வைத்த பாகம் எது என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியும்படி, கண்ணை உறுத்தாமல் அடையாளம் வைக்கச் சொல்கிறது அது. மன்னார்குடிக்காரரிடம் சொன்னேன். கைப்பிடியின் அடிப்பக்கம் விரல் படும் இடத்தில் ௨௦௨௫ என்று தமிழ் எண்ணில் வெட்டச் சொல்லிவிட்டார். கறுப்பு மெட்டாலிக் கேட்ட மனிதர்!

அக்டோபர் 12

நேற்று சாயங்காலம் வண்டி தன் காலில் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை, இரண்டாம் கியருக்கு மேல் போகவில்லை. அத்தை முன்சீட்டில். சீட்டு அதே ரெக்சின், கிழிந்த இடத்தில் அடியில் துணி வைத்துத் தைத்தது. ஏசி இல்லை, வியர்வை வழிந்தது, யாரும் புகார் சொல்லவில்லை. நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மன்னார்குடிக்காரர் இறங்கும்போது தேங்காய் உடைத்த கையைத் தூணில் துடைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மழை தொடங்குவதற்குள் இரண்டு விஷயம் வேண்டும். மார்க் 2க்கு ஹேண்ட் பிரேக் கேபிள், டைனமோ உட்காரும் பிராக்கெட், யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கழற்றின டீசல் இன்ஜின் விலைக்கு இருக்கிறது. சித்தப்பாவின் சம்மதம் வாங்கியாயிற்று, வாங்குகிறவர் அதை வைக்கோல் போருக்குள் வைக்கக் கூடாது என்பது மட்டும் அவர் நிபந்தனை.